பதில் சொல்ல வேண்டாத வாக்கு: நேரடி மக்களாட்சியின் எல்லை குறித்து

நேரடி மக்களாட்சியில் மக்களே முடிவெடுக்கிறார்கள், பிரதிநிதித்துவ மக்களாட்சியில் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இது பிழையன்று, ஆனால் போதாது. முடிவெடுத்தவர் அதற்காக யாரிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இடத்தில்தான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. சுவிட்சர்லாந்துப் பெண்களின் வாக்குரிமை வரலாறு இதற்குச் சான்று.

அந்நாட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்ப்போர் 100 நாளில் 50,000 கையொப்பம் திரட்டினால் அது பொதுவாக்கெடுப்புக்கு வந்துவிடும். அரசியலமைப்புத் திருத்தம் கோர 18 மாதத்தில் 1,00,000 கையொப்பம் வேண்டும். அரசியலமைப்பில் எந்தத் திருத்தமும் மக்கள் வாக்கெடுப்பின்றிச் செல்லாது. ஆள்வோரின் கையைக் கட்டிப்போட இது மிக வலிய கருவி. இதன் அருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதே கருவிதான் பெண்களைக் காக்க வைத்தது. பெண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்தை நாடாளுமன்றம் ஏற்றது. 1959 பிப்ரவரி 1 அன்று வாக்களித்த ஆண்களில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர். 1971இல்தான் கூட்டாட்சி அளவில் உரிமை கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தில், மாநில அளவிலான வாக்குரிமை அதன் பிறகும் கிடைக்கவில்லை. அங்கே ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று குடிமக்கள் ஊர்ச் சதுக்கத்தில் கூடிக் கைதூக்கி வாக்களிப்பது மரபு. ஆண்கள் இடுப்பில் வாள் தரித்து வருவார்கள். அதுவே வாக்காளர் என்பதற்கு அடையாளம். கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பெரும்பாலும் கண்ணால் பார்த்தே பெரும்பான்மையை அறிவிப்பார்கள். அந்தச் சபை 1990 ஏப்ரலிலும் பெண்களுக்கு 'இல்லை' என்றது. அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கதவைத் திறந்தது.

சதுக்கத்தில் கைதூக்கியவர் எந்தப் பெண்ணிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. அவரைப் பதவியிறக்க யாராலும் முடியாது. சட்டமன்ற உறுப்பினரின் நிலை வேறு. அவர் அவையில் பேசியாக வேண்டும். இன்று உரிமை பெறுவோர் நாளை தம்மை எடைபோடுவார்கள் என்று அஞ்சியாக வேண்டும். ஆண்களே நிறைந்திருந்த சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921லேயே, சொத்துத் தகுதிக்கு உட்பட்டுத்தான் என்றாலும், பெண்களுக்கு வாக்குரிமை தந்ததை இங்கே நினைக்க வேண்டும்.

பிரதிநிதிகளும் தாமதித்ததில்லையா என்று கேட்கலாம். தாமதித்தார்கள்; பிரிட்டன் நாடாளுமன்றம் பல முறை மறுத்து 1918இல்தான் இறங்கிவந்தது, அதுவும் அரைகுறையாக. ஆகவே பிரதிநிதித்துவம் தானாக நீதி வழங்கும் என்பதன்று என் வாதம். மறுத்தவரை மீண்டும் மீண்டும் கேள்வி கேட்க அதில் ஒரு முகவரி உண்டு. பொதுவாக்கெடுப்பில் மறுப்பு எல்லோருடையதும் ஆகிறது. அதனாலேயே யாருடையதும் ஆவதில்லை.

சுவிட்சர்லாந்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. 2009இல் பள்ளிவாசல் மினாராக்கள் கட்டத் தடை கேட்ட முன்மொழிவை அரசும் நாடாளுமன்றமும் எதிர்த்தன; வாக்களித்தோரில் 57.5 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அங்கு வாழும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அப்போது குடியுரிமை இல்லாதவர்கள். தம்மைப் பற்றிய கேள்விக்கு அவர்களால் வாக்களிக்கவே முடியவில்லை.

வரி, சாலை, அணை, நகராட்சிச் செலவு ஆகியவற்றில் விளைவைச் சுமப்பவரே வாக்களிப்பவர். அவற்றை மக்களிடம் நேரே விடலாம், விடவும் வேண்டும். யார் வாக்காளர், யாருடைய வழிபாடு செல்லும் என்பவை வேறு வகைக் கேள்விகள். அவற்றுக்கு அரசியலமைப்பும் நீதிமன்றமும் காவல் நிற்க வேண்டும். பெரும்பான்மையின் கையெண்ணிக்கைக்கு அவற்றை விடுவது தவறு.