கடிதம் வந்து சேரும் உரிமை: தபால் ஊழியர் போராட்டங்களும் திருகோணமலை மாவட்டமும்

2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி பிற்பகல் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் ஆரம்பமான பணிப்பகிஷ்கரிப்பு, மறுநாள் நாடு முழுவதும் பரவியது. 19 கோரிக்கைகளை முன்வைத்து தபால் தொழிற்சங்கங்கள் வேலையை நிறுத்தின. வருகையைப் பதிவு செய்யும் கைவிரல் அடையாள முறையிலும் மேலதிக நேரக் கொடுப்பனவிலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ கூறினார். ஆகஸ்ட் 24ஆம் திகதி அமைச்சருடனான பேச்சுவார்த்தையை அடுத்து போராட்டம் கைவிடப்பட்டது.

தென்னிலங்கை ஊடகங்களில் இந்தச் செய்தி "மேலதிக நேரம்", "கைவிரல் இயந்திரம்" என்ற இரண்டு சொற்களுக்குள் சுருங்கிவிட்டது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி, இன்றும் அரசாங்கக் கடிதங்களை எதிர்பார்த்திருக்கும் திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தபால் சேவை எப்படி இயங்குகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அது நின்றால் யாருடைய உரிமை நிற்கிறது என்பதே அந்தக் கேள்வி.

கடிதத்துக்கு இன்னும் என்ன வேலை?

கைத்தொலைபேசி வந்த பிறகு சொந்தக் கடிதங்கள் குறைந்துவிட்டன. அரசாங்கக் கடிதங்கள் அப்படிக் குறையவில்லை. பரீட்சை அனுமதி அட்டை, உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டை, நீதிமன்ற அறிவித்தல், காணி தொடர்பான விசாரணைக் கடிதம், ஓய்வூதியக் கடிதம் என்று பலவும் இன்னமும் தபாலில்தான் வருகின்றன. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்குமான ஓய்வூதியமும் தபாலகங்கள் ஊடாகவே வழங்கப்பட்டு வந்தது. குச்சவெளியின் மீனவருக்கும் தம்பலகாமத்தின் நெற்செய்கையாளருக்கும் தபாலகம் என்பது பணம் எடுக்கும் இடமும்தான்.

யுத்தம் தந்த கடிதங்கள் இவற்றுக்கு மேலானவை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் உருவானது. அதன் ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். முறைப்பாடு செய்த குடும்பங்கள் விசாரணைக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் கடிதம் மூலம்தான். இழப்பீட்டு விண்ணப்பத்துக்கான பதிலும், மரணச் சான்றிதழோ காணப்படாமைச் சான்றிதழோ தொடர்பான அறிவித்தலும் அப்படித்தான் வருகின்றன. ஒரு கடிதம் தவறினால் ஒரு விசாரணைத் திகதி தவறுகிறது. "அழைத்தோம், வரவில்லை" என்று கோப்பில் எழுதப்பட்டால், மகனைத் தேடும் தாய் மறுபடியும் முதலாவது மேசையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விலாசம் இல்லாத ஆண்டுகள்

திருகோணமலை மாவட்டத்தில் விலாசம் என்பதே யுத்தத்தால் குலைந்த ஒன்று. 1990இல் ஊர்களை விட்டு ஓடிய பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 2006இல் மூதூர் கிழக்கில் யுத்தம் மூண்டபோது சம்பூரும் அயல் கிராமங்களும் வெறுமையாகின. அவ்வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதன் பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

கிட்டத்தட்ட பத்து வருடங்கள் ஒரு கிராமத்துக்கு மக்கள் இருந்தார்கள், கிராமம் இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் ஊர், அடையாள அட்டையில் ஓர் ஊர், நிவாரண அட்டையில் ஒரு முகாம், இன்று படுப்பது வேறொரு வீடு. தெருப் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லாத இடத்தில், "இன்னாரின் மகள், கோவிலுக்குப் பின்வளவு" என்று அறிந்து கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஊரைத் தெரிந்த தபால்காரரே. அவர் ஓய்வுபெற்றுப் போய், அந்த இடம் வெற்றிடமாகக் கிடந்தால், கணினியில் உள்ள எந்தப் பட்டியலும் அந்த அறிவை ஈடு செய்யாது.

போக்குவரத்தும் இதோடு சேர்ந்தது. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நீண்ட காலம் லோஞ்சும் பாதையுமே வழி. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், அடுத்தடுத்த வருடங்களில் மூதூர் வீதியின் பாலங்கள் கட்டப்பட்ட பின்னரும்தான் தரைவழி இலகுவானது. பாலம் வந்தது. ஆனால் உள்ளூர் விநியோகத்துக்கு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் சேவை தங்கியிருக்கிறது.

தபாலும் அரசியலும்: 1961

தமிழ் அரசியலுக்குத் தபால் புதியதல்ல. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, அவ்வருட ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைக் கூட்டியது திருகோணமலையில்தான். அரச சேவையில் இருந்த தமிழருக்குச் சிங்களத் தேர்ச்சி ஒரு நிபந்தனையானது. தேர்ச்சி இல்லையென்றால் சம்பள உயர்வு இல்லை. எழுதுவினைஞர் கோடீஸ்வரன் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 1969இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பரவியது. ஏப்ரல் 14ஆம் திகதி செல்வநாயகம் தமிழரசு தபால் சேவையை யாழ்ப்பாணத்தில் தொடக்கி வைத்தார். தனி முத்திரைகளும் தபாலட்டைகளும் விற்கப்பட்டன. கச்சேரிகள் வாரக்கணக்கில் முடங்கியதைப் பொறுத்திருந்த அரசாங்கம், தபால் முத்திரை வெளியான மூன்றாம் நாள் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை முகாமில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். கடிதம் கொண்டுபோகும் அதிகாரத்தை அரசின் அதிகாரமாகவே கொழும்பு பார்த்தது என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின.

யார் தீர்மானிக்கிறார்கள்?

அந்தப் பார்வை சட்டத்திலும் உள்ளது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் கல்வி, சுகாதாரம், விவசாயம் போன்றவற்றில் மாகாண சபைகளுக்குப் பங்கு கொடுத்தது. தபால், தொலைத்தொடர்பு ஆகியவை ஒன்பதாம் அட்டவணையின் ஒதுக்கப்பட்ட நிரலில், அதாவது மத்திய அரசிடமே வைக்கப்பட்டன. தபாலும் தொலைத்தொடர்பும் 1980இல் தனித்தனித் திணைக்களங்களாகப் பிரிந்தன. பின்னர் தொலைத்தொடர்பு கம்பனியானது. தபால் மட்டும் 1908ஆம் ஆண்டின் தபாலகக் கட்டளைச் சட்டத்தோடு திணைக்களமாகவே இருக்கிறது.

இதன் நடைமுறை விளைவு எளிமையானது. ஈச்சிலம்பற்றிலோ நிலாவெளியிலோ ஒரு தபால்காரர் இடம் வெற்றிடமாக இருந்தால், அதை நிரப்பும் அதிகாரம் கிழக்கு மாகாண சபைக்கோ பிரதேச சபைக்கோ இல்லை. ஆட்சேர்ப்பு, பதவியுயர்வு, இடமாற்றம் எல்லாம் கொழும்பு அமைச்சுக்கும் தபால்மா அதிபருக்கும் பொதுச் சேவை ஆணைக்குழுவின் விதிகளுக்கும் உட்பட்டவை. திருகோணமலையின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் எதுவும் இதில் வாக்குரிமை உள்ள தரப்பல்ல.

ஊழியர்கள் எதைக் கேட்கிறார்கள்?

கடந்த வருடங்களின் மூன்று போராட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். 2018 ஜூன் 11ஆம் திகதி தொடங்கி 16 நாட்கள் நீடித்த பணிப்பகிஷ்கரிப்பின் மையம், ஆட்சேர்ப்பும் பதவியுயர்வும். பல வருடங்களாகத் தீராத சேவைப் பிரமாணக் குறிப்பு விவகாரம் அது. 2023 நவம்பரில் நடந்தது, 1894இல் கட்டப்பட்ட நுவரெலியா தபாலகக் கட்டிடத்தை முதலீட்டுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிரானது. 2025இல் நடந்தது மேலதிக நேரத்தையும் வருகைப் பதிவையும் பற்றியது.

மூன்றும் வேறு வேறு போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஆட்களை எடுக்காமல், இருப்பவர்களின் மேலதிக நேரத்தால் சேவையை ஓட்டுவது; பிறகு அந்த மேலதிக நேரத்தையே வீண்செலவு என்று குறைப்பது. சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 2022 ஆகஸ்ட் 15 முதல் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. கட்டணம் மூன்று மடங்குக்கும் மேல் கூடிய பிறகும் வெற்றிடங்கள் பற்றிய பேச்சு முடியவில்லை.

கைவிரல் பதிவு பற்றி அரசாங்கம் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுமக்களின் பணத்தில் மேலதிக நேரம் கொடுக்கும்போது கணக்கு வேண்டும். ஏனைய அரச அலுவலகங்களிலும் அந்த முறை இருக்கிறது. ஆனால் தபால்காரரின் வேலை அலுவலகத்துக்கு வெளியே நடக்கிறது. இயந்திரம் அவர் வந்த நேரத்தைக் காட்டும். யானை நடமாடும் பாதையில் இரண்டு கடிதங்களுக்காக எத்தனை கிலோமீற்றர் போனார் என்பதைக் காட்டாது. கொழும்பின் பெரிய பரிமாற்றகத்துக்குப் பொருந்தும் அளவுகோலை மூதூர் கிழக்கின் தனியாள் விநியோகத்துக்கும் அப்படியே வைப்பது கணக்கைச் சரியாக்காது. உப தபாலகங்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. பல இடங்களில் அவை வாடகைக் கட்டிடங்களில், குறைந்த ஆளணியோடு இயங்குகின்றன.

அத்தியாவசிய சேவை என்ற ஆயுதம்

2023 நவம்பர் போராட்டத்தின்போது அரசாங்கம் தபால் சேவையை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்தது. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின்படி, அப்படி அறிவித்த பின் வேலைக்கு வர மறுப்பது குற்றம். அதற்கு இரண்டு முதல் ஐந்து வருடக் கடூழியச் சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல் வரை தண்டனை உண்டு. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 ஊழியர் வேலையிழந்ததைத் தொழிற்சங்கங்கள் மறக்கவில்லை.

அவசரகாலச் சட்டத்தின் கீழ் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ் மக்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கடிதம் வராத கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைக் காட்டி ஊழியரை வர்த்தமானியால் அடக்க அனுமதித்தால், நாளை அதே வர்த்தமானி வேறு யார் மீதும் திரும்பும். ஒரு சேவை அவ்வளவு அத்தியாவசியமானது என்றால், வேலைநிறுத்த நாளில் மட்டுமல்ல, வெற்றிடம் நிரப்பும் நாளிலும் அது அத்தியாவசியமாக இருக்க வேண்டும்.

மொழி

அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி. மாவட்டத்தின் பெரும்பான்மையான தமிழரும் முஸ்லிம்களும் தமிழ் பேசுவோர். ஆகவே கருமபீடத்தில் தமிழில் பேசுவதும், தமிழில் படிவம் கேட்பதும், தமிழில் விலாசம் எழுதுவதும் சலுகையல்ல, உரிமை.

தமிழில் மட்டும் விலாசம் எழுதிய கடிதம் தெற்கில் தரம் பிரிக்கும் இடத்தில் தேங்காமல் இருக்க, தமிழ் தெரிந்த ஊழியர் அங்கும் வேண்டும். 2007இன் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி, புதிய அரச ஊழியர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். இது சிங்கள ஊழியருக்குத் தமிழையும், தமிழ் ஊழியருக்குச் சிங்களத்தையும் கேட்கிறது. 1956இன் ஒருவழி நிபந்தனையிலிருந்து இது வேறானது. நடைமுறையில் அது எந்த அளவுக்கு இருவழியாக இருக்கிறது என்பதைக் கருமபீடம்தான் சொல்லும்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, விலாசம். காணாமல் போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், பிரதேச செயலகம், வழக்கு இருந்தால் சட்டத்தரணி ஆகிய எல்லோரிடமும் தற்போதைய விலாசத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். தபால் குறியீட்டையும் எழுதுங்கள். திருகோணமலை நகருக்கு 31000, கிண்ணியாவுக்கு 31100, மூதூருக்கு 31200, கந்தளாய்க்கு 31300. வேறு ஊராயின் உங்கள் தபாலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, பதிவுத் தபால். வீட்டில் ஆள் இல்லாதபோது வந்த பதிவுக் கடிதம் தபாலகத்தில் சில காலம் வைக்கப்பட்டு, பிறகு அனுப்பியவருக்கே திரும்பும். அறிவித்தல் துண்டு கிடைத்த அன்றோ மறுநாளோ அடையாள அட்டையோடு போவது நல்லது. நீங்கள் அனுப்பும் முக்கியமான கடிதங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, தவறிய திகதி. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, தபாலில் சேர்க்கப்பட்ட கடிதம் வழமைபோல் போய்ச் சேர்ந்திருக்கும் என நீதிமன்றம் ஊகிக்கலாம். குழப்பநிலையால் தபாலின் வழமை தடைப்பட்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும் என்று அதே பிரிவின் உதாரணம் சொல்கிறது. பணிப்பகிஷ்கரிப்பு நாட்களில் சிக்கிய கடிதத்தால் விசாரணையைத் தவறவிட்டவர், அந்தத் திகதிகளைக் குறிப்பிட்டுப் புதிய திகதி கேட்க இடமுண்டு.

நான்காவது, வாக்காளர் அட்டை. அது கிடைக்காவிட்டாலும், பெயர் இடாப்பில் இருந்து செல்லுபடியான அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம்.

ஐந்தாவது, கேள்வி கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தபாலகத்தில் அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எப்போதிலிருந்து என்று தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மொழி மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் முறையிடலாம்.

மாதர் சங்கமோ மீனவர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு தகவல் கோரிக்கையை அனுப்பினால், மாவட்டத்தின் வெற்றிடப் பட்டியல் வதந்தியாக இல்லாமல் ஆவணமாகக் கையில் இருக்கும். தொழிற்சங்கங்கள் கொழும்பில் கேட்பதும், மூதூரில் கடிதத்துக்குக் காத்திருப்பவர் கேட்பதும் அந்தப் பட்டியலில்தான் ஒன்று சேர்கின்றன. ஊழியர் இல்லாத தபாலகம் இருவருக்கும் ஒரே இழப்பு.