இரண்டு கம்பிகளின் கணக்கு

1991-ல் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும் பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே பி.சி.எம். போட்டோம். அதுவரை ஒரு ஜோடிக் கம்பியில் ஒரு பேச்சுதான் போகும். பி.சி.எம்.மில் இரண்டு ஜோடியில் 30 பேச்சு. குரல் துடிப்புகளாக மாறி, விநாடிக்கு 20,48,000 இலக்கங்களாக ஓடும். இரவெல்லாம் சுத்தமாக ஓடியது. காலை 10 மணிக்கு மேல், ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரத்தில், அலாரம் அடிக்கத் தொடங்கிவிடும்.

காரணம் புரிய நூறு வருஷக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

தந்தியைப் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியில்தான் அனுப்பினார்கள். மின்னோட்டம் திரும்பி வர இன்னொரு கம்பி வேண்டாம், பூமியே போதும் என்று 1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் காட்டியிருந்தார். கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது. 1876-ல் வந்த பெல்லின் தொலைபேசியும் அதே வழியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தந்திக் கருவிக்கு முரட்டுக் காது, தொலைபேசிக்கோ கொசு பறந்தாலும் கேட்கும் காது. பக்கத்துத் தந்திக் கம்பியின் தட்டல்கூட அதில் விழுந்தது.

1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஸ்பிரேக் மின்சார டிராம் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு ஊருக்கு ஊர் டிராம் வந்தது. டிராமின் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது ஒரு பகுதி மண்ணில் கசியும். அந்த மண்தான் தொலைபேசியின் இரண்டாவது கம்பி! காதில் ஒரே இரைச்சல். கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. பூமி தொலைபேசிக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் கடைசியில் அவர்கள் கண்ட பலன்.

மருந்து ஏற்கெனவே இருந்தது. 1881-லேயே பெல் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். பூமியை விட்டுவிட்டு இரண்டு கம்பி போடு, இரண்டையும் முறுக்கிக்கொண்டே போ என்பதுதான் அதன் சாரம்.

கணக்கு எளிது. ஒரு கம்பியில் +1.5 வோல்ட், மற்றதில் -1.5 வோல்ட். வித்தியாசம் 3. வழியில் 5 வோல்ட் இரைச்சல் ஏறினால், இரண்டும் முறுக்கிக் கிடப்பதால் இரண்டிலும் ஒரே அளவு ஏறும். 6.5, 3.5. கழித்துப் பாருங்கள், அதே 3. கம்பத்து லைன்களில் முறுக்க முடியாது என்பதால், குறிப்பிட்ட கம்பங்களில் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினார்கள். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தக் கம்பிகள் தாண்டித் தாண்டிப் போனது நினைவிருக்கும்.

கழித்த பிறகும் மிச்சத்தில் சிறு நடுக்கம் இருக்கும். துடிப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்ய, அமெரிக்க மாணவர் ஆட்டோ ஷ்மிட் 1930-களில் ஒரு சுற்று அமைத்தார். கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்தபோது பிறந்த யோசனை அது. மேல் கோட்டைத் தாண்டினால்தான் 'வந்தது', கீழ்க் கோட்டுக்கு இறங்கினால்தான் 'போனது'. இடையில் எவ்வளவு நடுங்கினாலும் கண்டுகொள்ளாது. 1983-ல் வந்த ஆர்.எஸ்.-485 முறையில் இரண்டு கம்பிக்கும் 0.2 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே துடிப்பு படிக்கப்படும். உங்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளை வெட்டிப் பார்த்தாலும் உள்ளே நான்கு முறுக்கு ஜோடிகள்தான்.

எல்லாம் ஒரே நிபந்தனையில் நிற்கிறது. இரண்டு கம்பியும் பிறந்த ஜோடியாகவே கடைசி வரை போக வேண்டும்.

மறுபடி 1991. மீட்டரில் எல்லாம் சரி. கண்டின்யூட்டி சரி, இன்சுலேஷன் சரி. மேலதிகாரி, பராமரிப்பு சரியில்லை என்று எங்கள் லைன்மேன் அண்ணனை மூன்று வாரம் வறுத்தெடுத்தார். அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் குழியில் இறங்கி ஜாயின்ட்டைப் பிரித்தோம். 12-வது ஜோடியின் ஒரு கம்பி 13-வது ஜோடியோடு போயிருந்தது. அடுத்த ஜாயின்ட்டில் அதைத் திருப்பி மாற்றியிருந்தார்கள். அதனால்தான் மீட்டருக்குத் தெரியவில்லை. நடுவில் முந்நூறு மீட்டர் தூரம் எங்கள் இரண்டு கம்பிகளும் வேறு வேறு ஜோடியில் ஓடின. பக்கத்து லைனில் 75 வோல்ட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டிலும் சமமாக ஏறவில்லை. கழித்தாலும் இரைச்சல் போகவில்லை.

"தம்பி, இது நீங்க போட்ட ஜாயின்ட்டுதானே?" என்றார் அண்ணன்.

என்னுடையதுதான். 1987-ல், மழை இரவில். முதல் ஜாயின்ட்டில் மாறிவிட்டது தெரிந்தும், அதைத் திரும்பப் பிரிக்கச் சோம்பி, அடுத்ததில் நேராக்கி மூடியவன் நான்.

"முதல் நாளே சந்தேகம்தான். பிரிச்சுப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. அண்ணன் ஓய்வு பெற்ற நாளில் நான் பேச எழுந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.