விய வருஷத்துப் பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய மரச் சாமான் பார்க்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வயதைத்தான் கேட்பார்கள். "இருநூறு வருஷம் இருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நூற்றைம்பது என்றால் சாமானுக்கு மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு. இந்தத் தொழில் எனக்கு அப்பா வழியில் வந்தது. அவர் பாலிஷ் பட்டறை வைத்திருந்தார், நான் வாங்கி விற்கிறேன். இருநூறு என்ற எண் காதில் விழுந்தால் நான் சாமானைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் பர்மாவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

இங்கே பணம் வந்த வருஷங்கள்தாம் சாமான் வந்த வருஷங்கள். ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தது 1852-இல். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் வழி சுருங்கியதும் ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். அந்தச் சம்சாரிகளுக்குக் கடன் கொடுக்க நகரத்தார் என்கிற செட்டியார்கள் கப்பலேறினார்கள். மேல் பர்மாவின் தேக்குக் காடுகள் 1885 யுத்தத்தோடு ஆங்கிலேயர் கைக்குப் போயின. பிறகு 1930-இல் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழ கால்வாசி செட்டியார்கள் கணக்கில் ஏறியது, ஆனால் பணம் ஊருக்கு வருவது குறைந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதோடு கதை முடிந்த மாதிரிதான். 1948-இல் நிலச் சட்டமும் 1963-இல் வங்கிகளை அரசுடைமையாக்கியதும் மிச்சத்தையும் துடைத்துவிட்டன.

ஆகவே செட்டிநாட்டு வீட்டிலிருந்து வெளியே வருகிற பர்மாத் தேக்குச் சாமான் எதுவானாலும், 1870-க்கும் 1940-க்கும் நடுவில் வைத்துப் பார்க்கத் தொடங்குவது என் வழக்கம். அதற்கு முந்தியது உண்டு. ஆனால் முந்தியது என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிலைக்கண்ணாடி வட்டமாக இருந்து, பீரோவின் மூலைகளை உருட்டி வளைத்திருந்தால் அது 1930-களின் நாகரிகம். கதவில் கஜலட்சுமி இருந்தாலும் அதன் வயது அதுதான்.

உபயோகத்தைப் பார்த்தும் பொய்யைப் பிடிக்கலாம். "செட்டிநாட்டுச் சாப்பாட்டு மேஜை, நூற்றைம்பது வருஷம்" என்று ஒன்று அடிக்கடி வரும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீடுகளில் பந்தியில் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேஜை யாருக்கு? கீழே குனிந்து பார்த்தால் சட்டத்தில் காரணமில்லாத இடத்தில் ஆணித் துளை இருக்கும், பாதி அடைத்த பொருத்துக் குழி இருக்கும். இடித்த வீட்டின் உத்தரம் அது. மரத்துக்கு நூறு வயது, மேஜைக்கு நாலு. அதை உத்தரத்து மேஜை என்று சொல்லி விற்றால் எனக்குச் சண்டையில்லை, நல்ல மேஜைதான்.

போன வருஷம் ஒரு கணக்குப் பெட்டி வந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் முன்னால் வைத்து எழுதுகிற சாய்வு மூடிப் பெட்டி. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் நடக்கும். ஆளுக்கு ஒரு பாய், ஒரு பெட்டி, அதுதான் கடை. வேலை பழக வந்த சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். பெட்டியைக் கொடுத்த ஆச்சிக்கு எண்பது வயது இருக்கும். "எங்க ஐயா கொண்டுவிக்கப் போனப்ப அங்கெயே செஞ்சது, ரெண்டு நூறு வருஷம் ஆச்சு" என்றார்கள். "ஆச்சி, ஐயா உங்களுக்கு அப்பச்சியைப் பெத்தவுகதானே?" என்று கேட்டேன். "ஆமா, பின்னெ?" என்றார்கள். பாட்டனாருக்கும் பேத்திக்கும் நடுவில் இருநூறு வருஷம் ஓடாது என்பதை நான் சொல்லவில்லை. விலை பேசும் நேரம்.

மூடியின் உள்பக்கம் கூரிய எதனாலோ கீறிய எழுத்து: கடையின் அடையாளமான நாலெழுத்து விலாசம், கீழே 'விய ௵ தை ௴'. தமிழ் வருஷத்தோடு இதுதான் வம்பு, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விய வருஷத்துத் தை என்றால் 1887 ஜனவரியாகவும் இருக்கலாம், 1947 ஜனவரியாகவும் இருக்கலாம். ஆச்சியின் ஐயா தொழில் பார்த்திருக்கக்கூடிய காலம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. விலாசம் அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது என்பதால் அதுவும் உதவவில்லை.

கவிழ்த்துப் போட்டேன். வயதைக் கேட்க வேண்டிய இடம் அடிப்பலகைதான். அதை யாரும் இழைக்க மாட்டார்கள், பாலிஷ் போட மாட்டார்கள். இரண்டு ஆள் மேலும் கீழுமாக இழுத்து அறுத்த பலகையில் ரம்பக் கோடுகள் நேராக, ஆனால் ஏறுக்குமாறாக இருக்கும். வட்ட ரம்பம் வில் வில்லாகக் கோடு போடும். இதில் வில் கோடு. 1947 என்று அவசரப்பட வேண்டாம், ரங்கூனிலும் மௌல்மீனிலும் நீராவி மர மில்கள் 1880-களிலேயே ஓடிக்கொண்டிருந்தன. கீலைப் பிடித்திருந்த திருகாணி ஒன்றைக் கழற்றினேன். நுனி கூர். நுனி மொட்டையாக இருந்திருந்தால் 1850-க்கு முன்பு என்று யோசிக்கலாம், தலையில் நட்சத்திர வெட்டு இருந்திருந்தால் 1930-களுக்குப் பின்பு என்று அடித்துச் சொல்லலாம். கூர்நுனியும் ஒற்றை வெட்டும் இரண்டு தேதிக்கும் பொருந்தும்.

ஆனால் கீலுக்கு அடியில் வேறொரு கீலின் தடம் இருந்தது. சின்னது, நாலு துளை, நாலும் சதுரம். கொல்லர் அடித்த ஆணியின் துளை, சுற்றிலும் மரத்தில் கறுப்பாகத் துரு ஊறியிருக்கிறது. முதலில் அடித்த கீல் அது, திருகாணி பிற்பாடு வந்தது. 1947-இல் சதுர ஆணி தேடிப் போயிருக்க மாட்டார்கள், கம்பி ஆணி மலிந்த காலம். எழுத்தும் அதே பக்கம்தான் சாய்ந்தது. விலாசத்து மெய்யெழுத்தில் புள்ளியே இல்லை, ஓலையில் எழுதிப் பழகிய கை. தவிர, 1947-இல் யுத்தம் தின்று போட்ட ரங்கூனில் புதுப் பெட்டி செய்து புதுக் கணக்குத் தொடங்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? 1887 என்று முடிவு செய்தேன்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமே என்று படித்தவர்கள் சொல்வார்கள். கரி-14 கணக்கு கடந்த முந்நூறு வருஷத்து மரத்தில் தெளிவாகப் பேசாது, ஒரே அளவுக்கு இரண்டு மூன்று காலத்தைக் காட்டும். தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் போடும் மரம் என்பது உண்மை. பெர்லாகே என்ற டச்சுக்காரர் ஜாவா தேக்கு வளையங்களை 1514 முதல் 1929 வரை எண்ணி வரிசைப்படுத்தி 1931-இல் வெளியிட்டார். ஆனால் ஒரு சாண் பலகையில் அதற்குப் போதுமான வளையம் கிடையாது. கிடைத்தாலும் மரம் எப்போது வளர்ந்தது என்று தெரியும், பெட்டி எப்போது ஆனது என்று தெரியாது.

பழுதுபார்ப்பதில் என் ஆசாரிக்கும் எனக்கும் எப்போதும் தகராறு. "அண்ணே, ஒரு கை இழைப்புளி போட்டு மெலமைன் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும்." ஆகும். மூடி விளிம்பில் முழங்கை தேய்ந்த பள்ளமும், மசி சிந்திய கறையும், அந்த எழுத்தும் போய்விடும். பிறகு அது பன்னிரண்டாயிரம் ரூபாய்த் தேக்குப் பெட்டி. சில பட்டறைகளில் பெயின்ட் உரிக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் கதவையே முக்குகிறார்கள். மரம் சாம்பல் பூத்து, பொருத்துகள் ஆடிப்போய் வெளியே வரும்.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மறைவான மூலையில் வைத்துப் பார்த்தோம், பிசுபிசுத்தது. அரக்கு பாலிஷ், அதன் மேலேயே மெல்லிசாக இன்னும் ஒன்று இழுத்தால் போதும். மூடியில் நீளவாட்டில் ஒரு வெடிப்பு. பலகை குறுக்குவாட்டில்தான் சுருங்கும், அதைக் குறுக்குச் சட்டத்தில் ஆணியடித்து இறுக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? பழைய தேக்குச் சீவலை வஜ்ரம் தொட்டுச் செருகினோம். வெள்ளைப் பசை வேண்டாம் என்றேன். வஜ்ரத்தை வெந்நீர் வைத்து இளக்கலாம், நாளைக்கு இன்னொரு ஆசாரி நம் வேலையைப் பிடிக்காமல் கழற்ற நினைத்தால் வழி இருக்க வேண்டும். ஃபெவிகால் வந்ததே 1959-இல்தான். பழைய பொருத்தில் அந்த வெள்ளையைப் பார்த்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

எதைப் பழுதுபார்க்கலாம், எதை விடலாம் என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு. சாய்வு நாற்காலியில் பிரம்பு போயிருந்தால் கவலையே இல்லை, பிரம்பு மாற்றுவதற்கென்றே பின்னியது. வெள்ளை மரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் வைரம் நின்றால் சரி. காலும் சட்டமும் புதிதாகப் போட வேண்டிய சப்ரமஞ்சத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன். தலைப்பலகையை மட்டும் தனியாக விற்றுவிடுவேன்.

பெட்டியைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். பிரான்சுக்கு அனுப்ப வேண்டுமாம். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கைவேலைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறுக்குக் கீழே என்றால், தொல்பொருள் அல்ல என்று நிபுணர் குழு பார்த்துச் சான்று கொடுக்கும். இரண்டு விய வருஷத்துக் கதையையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "காகிதத்தில் 1946-47 என்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார். "விலை எந்த வருஷத்துக்குக் கொடுப்பீர்கள்?" என்றேன். அதுவும் 1946-47-தானாம்.

அப்புறம் மதுரையிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் வயதையே கேட்கவில்லை. சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை. பூட்டைக் கழற்றாமல் அதற்குச் சாவி மட்டும் அடித்துத் தரத் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன், முன்பணம் வாங்கியாயிற்று.