விழச் சொன்னவர்கள்

அயோவா சிட்டியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முட்டி வலியோடு வரும் எண்பது தாண்டிய பெரியவர்களிடம் அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது சீக்கிரமே 1953-க்குப் போய்விடும். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று, இண்டியானா மாநிலத்து சவுத் பெண்டில், நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும் மோதிய ஆட்டம் 14-14 என்று சமனில் முடிந்தது. எழுபது ஆண்டு கடந்தும் இந்த ஊருக்கு அந்த ஆட்டம் ஆறவில்லை.

நடந்தது இதுதான். முதல் பாதி முடிய 2 விநாடி. அயோவா 7-0 என்று முன்னால் இருந்தது. நோட்டர் டேம் இலக்குக் கோட்டை நெருங்கிவிட்டது, ஆனால் கையில் டைம்-அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ராங்க் வாரிக்கியோனி என்ற வாட்டசாட்டமான ஆட்டக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். அடிபட்டவன் கிடக்கும்போது நடுவர் கடிகாரத்தை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினார். அடுத்த பந்தை ரால்ஃப் குக்லியெல்மி வீச, டான் ஷானன் பிடிக்க, டச்டவுன். ஆட்டத்தின் கடைசியிலும் அப்படியே. அயோவா 14-7 என்று முன்னால் இருக்க, 6 விநாடி மிச்சமிருக்கும்போது மறுபடி ஒரு காயம், மறுபடி கடிகாரம் நின்றது, மறுபடி குக்லியெல்மி, மறுபடி ஷானன்.

'ஃபைட்டிங் ஐரிஷ்' என்று பெயர் பெற்ற அணியை 'ஃபெயின்ட்டிங் ஐரிஷ்' என்று பத்திரிகைகள் கிழித்தன. அந்த வாரம் வரை நாட்டின் முதல் இடத்தில் இருந்த நோட்டர் டேம், சீசன் முடிவில் மேரிலாந்துக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் நின்றது. அந்த அணியின் பயிற்சியாளர் ஃப்ராங்க் லேஹி. அதே சீசனில், அக்டோபரில், ஜார்ஜியா டெக் ஆட்டத்தின் இடைவேளையில் அவரே நிஜமாகக் கணைய அழற்சியால் சுருண்டு விழுந்தார். பாதிரியார் வந்து மரணத் தறுவாயில் இருப்பவருக்கான ஜெபம் சொல்லும் அளவுக்குப் போனது. சுருண்டு விழும் வலி எப்படி இருக்கும் என்று தன் உடம்பிலேயே அறிந்த மனிதர், நான்கு வாரத்தில் தன் பையன்கள் அதையே வேஷமாகப் போட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. சீசன் முடிந்ததும் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கதையோடு ஒட்டிக்கொண்டது வாரிக்கியோனியின் பெயர்தான். அதன்பின் பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ் அணிகளுக்காகப் பல ஆண்டு தொழில்முறை ஆட்டம் ஆடியவர் அவர். ஆனாலும் வரலாற்றுப் புத்தகத்தில் அவர் அந்த 2 விநாடிக்குள்தான் இருக்கிறார்.

1953-இல் நடித்தது தாக்கும் அணி, நேரம் போதாமல். இன்று நடிப்பது தற்காக்கும் அணி, மூச்சு போதாமல். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று புரிய, ஆட்டத்தின் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேகம் புதிதல்ல. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஃபீல்டிங் யோஸ்டுக்கு 'ஹரி அப்' என்றே பட்டப்பெயர். ஒரு பந்து முடிந்து ஆட்டக்காரர்கள் எழுவதற்குள் அடுத்ததற்கு விரட்டுவார். 1901 சீசனில் அவருடைய அணி 550 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1902 ஜனவரி 1 அன்று முதல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நொறுக்கியது. இன்னும் 8 நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டின் தலைவர் போதும் என்று கேட்டுக்கொள்ள, ஆட்டம் நின்றது. அன்று ஸ்டான்ஃபோர்டு வரிசையில் ரூஸ்வெல்ட் என்ற ஒருவர் முறிந்த காலோடு ஆடிக்கொண்டிருந்தார். வேகத்துக்கு எதிராக அந்தக் காலத்துப் பையன்கள் செய்தது இதுதான்: இருக்கும் காயத்தை மறைத்தார்கள்.

பின்னாளில் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு வட்டமாகக் கூடித் திட்டம் பேசுவது வழக்கமாயிற்று. வாஷிங்டனில் காது கேளாதோர் பயிலும் கேலடெட் பல்கலைக்கழகத்தில், தங்கள் சைகையை எதிரணி பார்த்துவிடாமல் இருக்க 1890-களில் பால் ஹப்பர்ட் என்ற மாணவர் தன் அணியை வட்டமாகக் கூட்டியதிலிருந்து இது பிறந்தது என்று அந்தப் பல்கலைக்கழகம் பெருமையோடு சொல்கிறது. நூறாண்டு கழித்து ஒரிகன் பல்கலைக்கழகத்தின் சிப் கெல்லி போன்றவர்கள் அந்த வட்டத்தையே கலைத்தார்கள். ஓரக்கோட்டில் படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்ததும் பந்து நகர்ந்துவிடும். 2008-இல் கல்லூரி ஆட்டத்துக்கு வந்த 40 விநாடிக் கடிகாரம், பந்தைச் சீக்கிரம் எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னும் தோதாயிற்று.

தாக்கும் அணி ஆள் மாற்றினால், தற்காக்கும் அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் அவகாசம் தருவார். தாக்குபவர்கள் மாற்றாவிட்டால் அவகாசம் கிடையாது. 130 கிலோ எடையுள்ள பையன் தொடர்ந்து பத்து முறை மோதி எழ வேண்டும், நாக்குத் தள்ளிவிடும். அவனை வெளியே எடுக்க ஒரே வழி ஆட்டம் நிற்பது. 2025 வரை ஆட்டத்தை எப்போதும் இலவசமாக நிறுத்தியது ஒன்றே ஒன்று, காயம். விழுந்தவன் ஒரே ஒரு பந்துக்கு வெளியே உட்கார்ந்தால் போதும், அடுத்ததற்கு வந்துவிடலாம்.

தொழில்முறை ஆட்டத்தில் இது ஏற்கெனவே நடந்திருந்தது. 1988 சீசனில் சாம் வைச் என்பவரின் சின்சினாட்டி பெங்கால்ஸ் வட்டம் கூடாமல் ஆடியபோது, எதிரணித் தற்காப்பு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள். பஃபலோ பில்ஸ் அணியுடனான அரையிறுதிக்குச் சற்று முன், வட்டம் கூடாமல் ஆடினால் தண்டனை என்று லீக் நிர்வாகம் வைச்சை மிரட்டியது. விழுபவர்களை விட்டுவிட்டு ஓடுபவர்களைக் கட்டிப்போட்டார்கள். பெங்கால்ஸ் எப்படியோ 21-10 என்று வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் அதே பஃபலோ அதே வேக ஆட்டத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்லூரி ஆட்டத்தில் வெட்டவெளிச்சமானது 2010 நவம்பர் 13, பெர்க்லியில். சராசரியாக 50 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த முதலிட ஒரிகனைக் கலிஃபோர்னியா அணி 15 புள்ளிக்குள் கட்டிப்போட்டது. தோற்றாலும் 13-15 என்றுதான் தோற்றது. அந்த ஆட்டத்தின் காணொளியில், தற்காப்பு வரிசையில் நல்லபடியாக நிற்கும் ஒரு பையன் ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்க்கிறான். அப்புறம் விழுகிறான். நிஜமாக வலிப்பவன் கண் முதலில் வலிக்கும் இடத்துக்குத்தான் போகும். கை அங்கே ஓடும். இவன் கண் பயிற்சியாளரைத் தேடுகிறது. விழச் சொன்னவர் தற்காப்பு வரிசைப் பயிற்சியாளர் டாஷ் லுபாய் என்று பின்னர் தெரிய வந்தது. பல்கலைக்கழகம் அவரை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. பையன் பெயரும் எல்லாச் செய்தியிலும் வந்தது. வாரிக்கியோனிக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு அதை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி அறிமுகமானதுதான். 2024 ஜூன் டி20 உலகக் கோப்பையில், மழை நெருங்கும்போது ஆப்கானிஸ்தான் பயிற்சியாளர் ஜோனதன் டிராட் வேகத்தைக் குறைக்கச் சைகை காட்ட, ஸ்லிப்பில் நின்ற குல்பதின் நயிப் காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நிஜமான தசைப்பிடிப்பு என்றார் அவர். நம் அஷ்வின் அவருக்குச் சிவப்பு அட்டை கேட்டு விளையாட்டாக எழுதியதும் நினைவிருக்கும். அங்கேயும் சைகை காட்டியவரை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

2014-இல் பயிற்சியாளர்கள் வேறு பாதை பிடித்தார்கள். அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலெமாவும், அந்த 40 விநாடிக் கடிகாரத்தில் முதல் 10 விநாடி கழியும் வரை பந்தை எடுக்கக்கூடாது என்ற விதிக்கு ஆதரவாக நின்றார்கள். பையன்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே ஒரு மாதத்துக்குள் அது கிடப்பில் போடப்பட்டது. களைப்பில் தசைகள் பிடித்துக்கொள்வது உண்மை என்பதால் அந்த வாதத்தை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். ஆனால் அதற்கு வழி ஆட்டத்துக்கு நடுவில் நாடகம் அல்ல.

நாடகத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை 2021 அக்டோபர் 9 அன்று எங்கள் ஊர் கின்னிக் ஸ்டேடியம் காட்டியது. பென் ஸ்டேட் ஆட்டக்காரர்கள் விழ விழ, அயோவா ரசிகர்கள் நடிக்கிறார்கள் என்று கூச்சலிட்டார்கள். அயோவா வேகமாக ஆடும் அணியே அல்ல. அன்று விழுந்தவர்களில் பி.ஜே. மஸ்டிஃபருக்கு முழங்கால் போய், அந்த சீசனே முடிந்துவிட்டது. 1953-இல் பொய்க் காயத்தால் ஏமாந்த ஊர், 68 ஆண்டு கழித்து மெய்க் காயத்தைப் பார்த்துக் கத்தியது. நான் மிகவும் நேசிக்கும் ஊர் இது. அன்று எனக்கு ரொம்ப வலித்தது.

மதுரையில் கபடிப் பையன்களின் முட்டிகளைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் யாரும் தொடாதபோதுதான். ஓடி வந்தவன் காலை ஊன்றித் திரும்புவான், 'டக்' என்று ஒரு சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கும், விழுவான். சிலர் உடனே எழுந்தும் விடுவார்கள். நாலு எட்டு நடந்தபின் முட்டி விலகிக் கொடுத்து மறுபடி சரிவார்கள். கெண்டைக்கால் குரக்களியும் அப்படித்தான், ஓட்டம் நின்று வரிசைக்குத் திரும்பி நடக்கும்போது இழுக்கும். கேலரியில் இருப்பவருக்கு இரண்டுமே நடிப்பாகத்தான் தெரியும்.

அதனால்தான் 2025-இல் வந்த விதி எனக்கு உறுத்துகிறது. அடுத்த பந்துக்காக நடுவர் பந்தைத் தரையில் வைத்த பிறகு ஒருவன் விழுந்து மருத்துவக் குழு உள்ளே வந்தால், அவன் அணிக்கு ஒரு டைம்-அவுட் கழியும். டைம்-அவுட் இல்லாவிட்டால் 5 கஜம் தண்டனை. காயம் மெய்யா பொய்யா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நடிப்பு குறையும், சந்தேகமில்லை. ஆனால் நாலு எட்டு நடந்துவிட்டுச் சரியும் பையன் இந்த விதியில் நேராக மாட்டுகிறான். அணிக்கு நஷ்டம் என்று தெரிந்தால் இருபது வயதுப் பையன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிழிந்த ஜவ்வோடு நிற்பான். அப்படி நின்று குருத்தெலும்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள் என் மேஜையில் படுத்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு ஆணையர் கிரெக் சாங்கி அனுப்பிய சுற்றறிக்கை இதைவிட நியாயமானது. நடித்தது உறுதியானால் தலைமைப் பயிற்சியாளருக்கு முதல் முறை பகிரங்கக் கண்டனத்தோடு 50,000 டாலர், இரண்டாம் முறை 1,00,000 டாலர், மூன்றாம் முறை ஓர் ஆட்டம் இடைநீக்கம். ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்குபவருக்கு 50,000 டாலர் பெரிய தொகை இல்லை. சனிக்கிழமை மைதானத்துக்குள் வரக்கூடாது என்பதுதான் அவருக்கு உறைக்கும். பெர்க்லியில் 2010-இலேயே செய்த அதை, மூன்றாம் முறை வரை தள்ளி வைக்காமல் முதல் முறையே செய்துவிட்டு, பந்து வைத்த பிறகு விழுபவனுக்குக் கணக்குப் பார்க்கும் விதியை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.