பட்டுக்கூட்டிலிருந்து கொசுவின் மரபணுத்தொகுதி வரை: ஃபோட்டிஸ் கஃபாடோஸின் அறிவியல் வாழ்வு

உயிரின் இயக்கத்தை டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் ஆகிய மூலக்கூறுகளின் அளவில் ஆராயும் மூலக்கூற்று உயிரியல், தொடக்கத்தில் பாக்டீரியாக்களையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் துணைக்கொண்டே பெரிதும் வளர்ந்தது. அந்தத் துறையின் வழிமுறைகளைப் பூச்சிகளின் வளர்ச்சி பற்றிய ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கிரேக்க நாட்டு அறிஞர் ஃபோட்டிஸ் கஃபாடோஸ் (1940–2017). அவருடைய வாழ்வை முற்பாதியில் ஆய்வாளர், பிற்பாதியில் நிர்வாகி என்று இரண்டாகப் பகுத்துவிடுவது எளிது. ஆனால் எந்தக் கேள்விக்கு எந்த உயிர் விடை தரும் என்று தேர்ந்து, அதன்பின் அந்தக் கேள்வியை விட்டு விலகாமல் நின்ற ஆய்வுக்கூடப் பழக்கமே, எத்தகைய ஆய்வாளருக்கு எத்தகைய சூழல் வேண்டும் என்று தேர்ந்து நிறுவனங்களைக் கட்டிய பழக்கமாகவும் அவரிடம் தொடர்ந்தது என்பதால், இவ்விரு பாதிகளையும் ஒன்றாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

கிரீட் தீவின் ஹெராக்லியான் நகரில் 1940 ஏப்ரல் 16 அன்று அவர் பிறந்தார். அடுத்த ஆண்டே தீவு ஜெர்மானியப் படைகளின் வசமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நாட்டை உள்நாட்டுப் போர் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கு நிதியோ கருவியோ அரிதாயிருந்த அந்தச் சூழலிலிருந்து அமெரிக்கா சென்ற கஃபாடோஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1961இல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் பூச்சிகளின் ஹார்மோன் ஆய்வில் பெயர்பெற்ற கரோல் வில்லியம்ஸிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, 1965இல் முனைவரானார். நான்கே ஆண்டுகளில், தம் 29ஆம் வயதில், அங்கேயே முழுநிலைப் பேராசிரியரும் ஆனார்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி மிக எளிமையானது: கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் அந்துப்பூச்சி எவ்வாறு வெளியே வருகிறது? பட்டுக்கூடு இரண்டு புரதங்களால் ஆனது. ஃபைப்ராயின் என்பது இழை. செரிசின் என்பது இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை. நூலெடுப்போர் கூடுகளை வெந்நீரில் இட்டு இளக்குவது இந்தப் பசையைத்தான். வெந்நீரும் இல்லாமல், கடித்துக் கிழிக்கத் தாடையும் இல்லாமல், அந்துப்பூச்சி அதே வேலையை ஒரு நொதியைக் கொண்டு செய்து முடிக்கிறது. கஃபாடோஸும் வில்லியம்ஸும் 1964இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாயுறுப்பின் ஒரு பகுதியான கேலியா என்னும் சிறு புடைப்பில் உள்ள உயிரணுக்கள் கொக்கூனேஸ் எனும் புரதம் செரிக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி அங்கேயே காய்ந்து படிந்திருக்கிறது. வெளிவரும் வேளையில் மற்றொரு சுரப்பியிலிருந்து வரும் நீர்மம் அதைக் கரைக்க, பூச்சி அக்கரைசலைக் கூட்டின் முனையில் தடவுகிறது. பசை கரைந்து இழைகள் தளர்ந்ததும் தலையால் முட்டி அவற்றை விலக்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஆய்வுக்கு உதவிய அந்துப்பூச்சிகள் நம் நாட்டு டசர் பட்டுப்பூச்சி சார்ந்த ஆந்தெரேயா பேரினத்தைச் சேர்ந்தவை.

இந்த ஆய்வின் உண்மையான பயன் கூட்டைத் திறக்கும் உத்தியில் இல்லை. அதற்கான நொதியைச் சுரக்கும் உயிரணுவில் இருந்தது. உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள் இருக்க, கேலியாவின் உயிரணு மட்டும் ஏன் ஒரே ஒரு புரதத்தை மலைமலையாக ஆக்கிக் குவிக்கிறது? உயிரணு வேறுபாடு எனப்படும் இந்தக் கேள்விக்கு விடைதேட, ஒரு புரதம் அளவுக்கு மீறி உருவாகும் இடத்தைப் பிடித்தாக வேண்டும். அங்கே அந்தப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வும், அதாவது மரபணுவின் கட்டளையைப் புரதம் ஆகும் இடத்துக்கு எடுத்துச்செல்லும் நகலும், மிகுதியாக இருக்கும். இந்தத் தருக்கமே அவரைக் கூட்டிலிருந்து முட்டைக்கு இட்டுச்சென்றது. அந்துப்பூச்சியின் முட்டையைச் சூழ்ந்துள்ள கோரியன் எனும் ஓடு, நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களால் ஆனது. முட்டையைச் சுற்றி ஒற்றை அடுக்காக அமைந்த நுண்ணறை உயிரணுக்கள் அவற்றை ஒரே நேரத்தில் சுரக்காமல், இன்ன வேளைக்கு இன்னது என்ற முறைவைத்துச் சுரக்கின்றன. பூச்சியின் சூலகக் குழலில் வளர்ச்சியின் வெவ்வேறு படிகளில் உள்ள நுண்ணறைகள் மணிகோத்தாற்போல் வரிசையாய் நிற்பதால், ஒரே பூச்சியை அறுத்துப் பார்த்தாலே கால அட்டவணை முழுவதும் கண்முன் விரிந்துவிடும். ஆய்வுப்பொருளைத் தெரிவதில் அவருக்கிருந்த கூர்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

ஆனால் புரதத்திலிருந்து மரபணுவை எட்டிப்பிடிக்கும் வழி அன்று யாரிடமும் இல்லை. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதும் தலைகீழ் நகலாக்க நொதி 1970இல் கண்டறியப்பட்டிருந்தும், அது தரும் நகல்கள் பெரும்பாலும் அரைகுறையாகவே முடிந்தன. கஃபாடோஸ், அவருடைய கிரேக்க மாணவர் ஆர்கிரிஸ் எஃப்ஸ்திராதியாதிஸ், சக ஆய்வாளர் டாம் மேனியாட்டிஸ் ஆகியோர் முயலின் இரத்தத்தில் ஏராளமாகக் கிடைக்கும் பீட்டா குளோபினின் தூது ஆர்.என்.ஏ.வைப் பயிற்சிக்களமாக வைத்துக்கொண்டு இந்தக் குறையைத் தீர்த்தனர். தூது ஆர்.என்.ஏ.வின் முழு நீளத்துக்கும் ஓரிழை டி.என்.ஏ.வை உருவாக்கி, அதன் நுனி தானே மடங்கிக் கொண்டை ஊசி வடிவம் கொள்வதைப் பயன்படுத்தி அதன்மேலேயே இரண்டாம் இழையை வளர்த்து, மடிப்பை வேறொரு நொதியால் வெட்டி, கிடைத்த ஈரிழை டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவுக்குள் பெருகும் பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.வில் பொருத்தினர். இதை விவரித்து 1976இல் வெளிவந்த கட்டுரைகள் உயர் உயிரினம் ஒன்றின் தூது ஆர்.என்.ஏ.வை ஏறத்தாழ முழுமையாக டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கிக் காட்டின. பின்னாளில் எண்ணற்ற மனித மரபணுக்கள் இந்த வழியில்தான் முதன்முதலாகக் கையகப்பட்டன என்பதை நினைத்தால், முட்டை ஓட்டைத் தேடிப்போன வழியில் கிடைத்த இந்தக் கருவி, தேடிய பொருளைவிடப் பெரிதாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அதே 1976இல், மரபணு இணைப்பு ஆய்வுகளின் ஆபத்தை எண்ணிக் கேம்பிரிட்ஜ் நகர மன்றம் ஹார்வர்டை உள்ளடக்கிய தன் எல்லைக்குள் அத்தகைய ஆய்வுகள் சிலவற்றுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மேனியாட்டிஸ் தம் பணியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

கருவி கைக்கு வந்ததும் கஃபாடோஸின் குழு கோரியனுக்குத் திரும்பியது. 1979இல் அவர்கள் கோரியன் தூது ஆர்.என்.ஏ.க்களின் டி.என்.ஏ. நகல்கள் கொண்ட நூலகம் ஒன்றை அமைத்தனர். அதே ஆண்டில் வெளிவந்த புள்ளிப் பதிவு முறை, அதன் எளிமையாலேயே நினைவில் நிற்கிறது: ஒரு தாள் போன்ற சவ்வில் பல டி.என்.ஏ. மாதிரிகளைப் பொட்டுப் பொட்டாக இட்டு, கதிரியக்கக் குறியேற்றிய ஒரு துணுக்கை அதன்மேல் ஊறவிட்டால், பொருந்தும் பொட்டில் அது ஒட்டிக்கொண்டு படச்சுருளில் கருப்பாய்ப் பதியும். கருமையின் அளவு ஒற்றுமையின் அளவைக் காட்டும். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தகட்டில் சோதிக்கும் பிற்காலத்து டி.என்.ஏ. சில்லுகளின் அடிப்படை எண்ணம் இதில் உள்ளது. கோரியன் மரபணுக்கள் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து கிளைத்துப் பெருகிய குடும்பங்கள் என்பதும், பல இணைகள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் எதிரெதிர்த் திசையில் நின்று, நடுவில் உள்ள சிறு டி.என்.ஏ. துண்டின் கட்டுப்பாட்டைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதும் இவ்வாறு தெரியவந்தன. பட்டுப்பூச்சியின் கோரியன் மரபணுக்களை டிரோசோஃபிலா என்ற பழ ஈயினுள் ஏற்றியபோது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கிளைபிரிந்துவிட்ட அந்த ஈயும் அவற்றைத் தன் நுண்ணறை உயிரணுக்களில் உரிய முறையில் இயக்கியதை 1985இல் அவருடைய ஆய்வுக்கூடம் வெளியிட்டது. புரதத்தின் வடிவம் மாறினாலும் அதை எப்போது, எங்கே ஆக்குவது என்ற கட்டளை மாறாது காக்கப்படலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

ஹார்வர்டில் இவை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவருடைய ஒரு கால் கிரேக்கத்தில்தான் இருந்தது. 1972 முதல் பத்தாண்டுகள் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்து, நாட்டின் இராணுவ ஆட்சியின் இறுதிக் காலத்தையும் அது 1974இல் வீழ்ந்ததையும் அங்கிருந்தே கண்டார். 1982இல் தலைநகரை விட்டுத் தம் சொந்த ஊரான ஹெராக்லியானுக்கு வந்து, இளம் நிறுவனமான கிரீட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதோடு, மூலக்கூற்று உயிரியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தையும் தோற்றுவித்து 1993 வரை வழிநடத்தினார். அது இன்று ஃபோர்த் எனப்படும் ஆய்வு, தொழில்நுட்ப அறக்கட்டளையின் உறுப்பு. புகழ்பெற்ற மையங்களிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு தீவில் உலகத்தரமான ஆய்வு சாத்தியமா என்ற ஐயத்துக்கு அங்கிருந்தே விடை வந்தது: பழங்களை அழிக்கும் மத்தியதரைக்கடல் பழ ஈக்குள் அயல் மரபணுவை நிலையாகப் புகுத்துவதில் பாபிஸ் சவாக்கிஸின் குழு 1995இல் அங்கு வெற்றி கண்டது. அதற்கு முன் டிரோசோஃபிலாவுக்கு வெளியே இது ஏறக்குறைய எட்டாக்கனியாகவே இருந்தது.

மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின்பால் அவர் திரும்பியதும் கிரீட்டில் இருந்த காலத்திலேயே. ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் குடற்சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது முதல் கொசு அந்நோயின் வாகனம் என்பது தெரிந்திருந்தது; ஆனால் அது வெறும் வாகனமா, அன்றித் தன் உடலில் நுழைந்த ஒட்டுண்ணியோடு போராடுகிறதா என்ற கேள்விக்கு மூலக்கூற்று அளவில் விடை தேடியவர்களுள் கஃபாடோஸ் முதன்மையானவர். ஆப்பிரிக்காவின் கொடிய பரப்பியான அனாஃபிலிஸ் காம்பியேவின் மரபணு வரைபடத்தைத் தொடங்கி, சுமார் 27 கோடியே 80 இலட்சம் கார இணைகள் கொண்ட அதன் மரபணுத்தொகுதியை 2002 அக்டோபரில் வெளியிட்ட பன்னாட்டுக் குழுவின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் விளங்கினார். இதற்கு முன்பே, 2000இல், நம் நகரங்களின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சியின் மரபில் அயல் மரபணுவை நிலைபெறச் செய்த ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. மரபணுத்தொகுதி கிடைத்தபின் வந்த 2004ஆம் ஆண்டு ஆய்வுகள் அவருடைய பிற்காலப் பணியின் உச்சம். மனித இரத்தத்தில் நோய்க்கிருமிகளைப் பற்றிக் குறிவைக்கும் புரதத்தை ஒத்த டி.இ.பி.1 என்பது, குடற்சுவரைத் துளைத்து வெளிவரும் ஒட்டுண்ணியின்மேல் ஒட்டி அதை அழிக்கிறது என்றும், அதற்குரிய மரபணுவை அடக்கினால் பிழைக்கும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகுகிறது என்றும் தெரிந்தது. இன்னொரு வகை மரபணுவோ ஒட்டுண்ணிக்கே காவலாக நின்றது. அதை அடக்கியபோது ஒட்டுண்ணிகள் கருமை படிந்து மடிந்தன. கொசு ஒரே உடலில் பகைவனையும் காவலனையும் வைத்திருக்கிறது.

1993 முதல் 2005 வரை ஹைடெல்பெர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தின் தலைமை இயக்குநராக இருந்தபோதும் அவர் ஆய்வுக்கூடத்தை மூடவில்லை. மரபணு வரிசைகளைச் சேமித்து உலகுக்கெல்லாம் கட்டணமின்றி வழங்கும் ஐரோப்பிய உயிரித்தகவல் நிறுவனம் இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் அமைந்ததும், ரோமுக்கு அருகில் மோன்டேரோட்டோண்டோவில் எலி உயிரியல் கிளை தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் நோயெதிர்ப்பு மரபணுவியல் பேராசிரியராகிக் கொசுவையே தொடர்ந்தார்.

2007இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். அதுவரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதி பெரும்பாலும் பல நாட்டு நிறுவனங்கள் கூடியமைக்கும் பெருங்குழுக்களுக்கும், மேலிருந்து வகுத்த தலைப்புகளுக்குமே சென்றது. கஃபாடோஸ் தலைமையிலான அறிவியல் குழுவோ நாட்டுக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீட்டை ஏற்காமல், தலைப்பையும் வகுத்துக்கொடுக்காமல், தனி ஆய்வாளரின் கருத்து எவ்வளவு சிறந்தது என்பதை மட்டுமே அளவுகோலாக்கியது. 2007–2013 காலத்துக்கு 750 கோடி யூரோ ஒதுக்கப்பட்டிருந்த மன்றம் முதல் அழைப்பை இளம் ஆய்வாளர்களுக்கே விடுத்தபோது 9,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன; ஏறத்தாழ 300 பேருக்கே நல்கை கிடைத்தது. அலுவலக நடைமுறைகளின் இறுக்கத்தோடு போராடியபடியே இந்த நெறியைத் தளராமல் காத்தது அவருடைய பெருந்தொண்டு. 2010இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

2017 நவம்பர் 18 அன்று ஹெராக்லியானிலேயே அவர் காலமானார். நாடு பார்க்காமல், ஊர் பார்க்காமல், தகுதியை மட்டும் பார்த்து அந்த மன்றம் வழங்கும் நல்கைகளைக் கிரேக்கத்தில் வென்றுவரும் நிறுவனங்களுள் முன்னணியில் நிற்பது, அவர் அந்தத் தீவில் தோற்றுவித்த நிறுவனத்தை உள்ளடக்கிய ஃபோர்த் அறக்கட்டளையே.