கிட் பேட்டர்ன்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட்டில், எந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டாம், எவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பேட்டர்ன்களாக எழுதிவைப்பது வழக்கம். முன்னதற்குக் கிட்இக்னோர், பின்னதற்குக் கிட்ஆட்ரிபியூட்ஸ் என்னும் கோப்புகள் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா, வேறா என்பதற்கு மட்டும் அவற்றில் விடை இராது. அதைத் தீர்மானிப்பது கோர்.இக்னோர்கேஸ் என்ற அமைப்பு.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்காகக் கிட்டை எழுதினார். லினக்ஸில் ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக எழுதினால், பொதுவாக அவை இரண்டு கோப்புகள். விண்டோஸும் மேக்கும் பெயரை எழுதியபடியே வைத்துக்கொண்டாலும், இயல்பு நிலையில் தேடும்போது அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே களஞ்சியத்தை உருவாக்கும்போதும் க்ளோன் செய்யும்போதும் கிட் ஒரு சோதனை நடத்துகிறது. தன்னுடைய கான்ஃபிக் கோப்பையே, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறி மாறி வரும் பெயரால் தேடிப் பார்க்கும், கிடைத்துவிட்டால் கோர்.இக்னோர்கேஸை 'ட்ரூ' என்று எழுதிவிடும். இந்த முடிவு அந்தக் கணினியோடு நின்றுவிடுகிறது. கமிட்டில் அது சேராது, புஷ் செய்தாலும் போகாது. பேட்டர்ன் எல்லோருக்கும் பொது, அதைப் படிக்கும் விதி ஆளுக்கொன்று என்பதே சிக்கலின் வேர்.

டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலும் கோப்புப்பெயரையும் பின்னொட்டையும் பெரிய எழுத்திலேயே பதிகின்றன. கிட்இக்னோரில் ஜேபிஜி என்பதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், மேக்கில் அந்தப் படங்கள் ஒதுங்கிவிடும். லினக்ஸில் எல்லாம் கமிட்டுக்குள் வந்துவிடும். வந்த பிறகு பேட்டர்னைத் திருத்திப் பயனில்லை, ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பைக் கிட்இக்னோர் தொடாது. பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் எல்எஃப்எஸ் வசதியில் இது இன்னும் மோசம். பேட்டர்ன் பொருந்தாத கோப்பு முழு அளவில் வரலாற்றில் பதிந்துவிட்டால், வரலாற்றைத் திருத்தி எழுதாமல் அதை நீக்க முடியாது.

லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில், எழுத்து அளவில் மட்டுமே வேறுபடும் தலைப்புக் கோப்புகள் சில உள்ளன. அந்த மூலநிரலை மேக்கில் க்ளோன் செய்தால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டு, யாரும் தொடாத கோப்புகளே 'மாற்றப்பட்டவை' என்று காட்டப்படும்.

இதே வேறுபாடு பாதுகாப்பையும் குலைத்திருக்கிறது. கிட்டின் உள் அடைவுப் பெயரைப் பெரிய எழுத்து கலந்து எழுதிய தீய களஞ்சியம், க்ளோன் செய்பவரின் கான்ஃபிக் கோப்பையே மாற்றி எழுத முடிந்தது. 2014 டிசம்பரில் வெளியான கிட் 2.2.1 அந்த ஓட்டையை அடைத்தது.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவே இல்லாததால் கோப்புப்பெயரின் தமிழ்ப் பகுதிக்கு இத்தொல்லை கிடையாது.

கோர்.இக்னோர்கேஸைக் கையால் மாற்றுவது தீர்வாகாது. கோப்பு முறைமைக்குப் பொருந்தாத மதிப்பு எதிர்பாராத விளைவு தரும் என்று கிட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. நம்பகமான வழி பேட்டர்னிலேயே இருக்கிறது. பின்னொட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் சதுர அடைப்புக்குறிக்குள் பெரிய வடிவையும் சிறிய வடிவையும் சேர்த்து எழுதினால், எந்தக் கணினியிலும் ஒரே விடை கிடைக்கும். செக்-இக்னோர் கட்டளையை -v தெரிவோடு இயக்கினால், எந்த விதி எந்தக் கோப்பைப் பிடித்தது என்பதை அது வரி எண்ணோடு சொல்லும். புதிய பேட்டர்னை லினக்ஸ் கணினி ஒன்றில் சோதித்த பிறகே குழுவுக்கு அனுப்புங்கள்.