கைக்கூலியும் மகரும்

தமிழ் முசுலிம் மக்களின் மணச்சடங்குகளை ஆராய்வோருட் பலர் கருகமணியிலேயே நின்றுவிடுகின்றனர். தாலியின் இடத்தில் கருமணிச் சரடு அணிவது சமயத்திற்கு ஒக்குமா என்பது அவர்தம் வினா. இதற்கு விடை காண்டல் எளிது. இசுலாமியச் சட்டத்தில் திருமணம் ஓர் ஒப்பந்தம். ஒருவர் கூறலும் மற்றவர் ஏற்றலும் சாட்சியர் இருவரும், ஷாபிஈ நெறியினர்க்கு மணமகள் சார்பில் வலி என்னும் பொறுப்பாளரும் அமையின் நிக்காஹ் நிறைவுறும். மணி கட்டுதலால் அவ்வொப்பந்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. உமறுப் புலவரும் சீறாப்புராணத்து மணம்புரி படலத்தில் அரபு நாட்டு மணத்தைத் தமிழ்நாட்டு மணக்கோலத்திலன்றோ பாடினார்!

கருத்தூன்ற வேண்டிய சொல் கைக்கூலி என்பதே. மணமகன் மணமகளுக்கு உரிமையாக்கும் பொருள் மகர்; அதனைப் பெண்டிர்க்கே கொடுக்குமாறு குர்ஆன் (4:4) பணிக்கின்றது. பெண்வீட்டார் மணமகனுக்குக் கொடுப்பதோ கைக்கூலி. பொருள் செல்லும் திசையே மாறிவிட்டது. இச்சொல்லுக்குப் பொதுவழக்கில் கையூட்டு என்னும் பொருளும் உண்மை நோக்கத்தக்கது.

இந்தியாவில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், மணம், மகர் முதலியவற்றில் ஷரீஅத்துக்கு மாறான வழக்காறு செல்லாதென விதித்தது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமோ மகரை வரதட்சணையினின்று விலக்கியது. கைக்கூலிக்கு அவ்விலக்கு இல்லை. தமிழ் பேசும் முசுலிம்கள் வாழும் இலங்கையில் நிகழ்ந்தது வேறு. அங்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முசுலிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற தமிழ்ச்சொல்லையே தன் ஆங்கில வாசகத்துள் ஏற்று வரையறுத்தது. பெண்ணின் உறவினரோ பிறரோ, மணத்தின் முன்னரேனும் மணத்தின்போதேனும், மணமகளின் பயன் கருதி மணமகனிடம் தரும் அல்லது தருவதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி என்பது அதன் கருத்து. அவ்வாறாயின் மணமகன் அப்பொருளைக் காப்பவனேயன்றி உடையவன் அல்லன். வழக்காற்றை ஒழிக்காது, அதற்குள்ளேயே பெண்ணின் உரிமையை நிறுத்திய வரையறை இஃது என யாம் கருதுகின்றோம்.

வழக்காறு அனைத்தும் பெண்ணுக்குப் பகையுமன்று. காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டிற்கு வரச்செய்யும் மரபு உண்டு. வீடு அவள் கண்முன் நிற்கும். கைக்கூலியோ கணவன் வீட்டுச் செலவில் கரைந்துபோகும். மகர்த்தொகை மணப்பதிவேட்டில் ஏற, அதனினும் பன்மடங்காகிய கைக்கூலி பலவிடத்தும் வாய்ச்சொல்லாகவே கைமாறுகின்றது. பின்னொருநாள் அவள் அதனைக் கேட்பின், காட்டுதற்கு ஓர் எழுத்தும் இராது.